சவரிமுத்து தாத்தாவுக்குக் கோடி போட்டது யார்

போன வருடம் ஈஸ்டர் பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு. மரக்காணத்தில் எங்கள் கோவிலில் என் மகள் அனிதாவின் கல்யாணத்துக்குப் பங்குச் சாமியார் முதல் அறிவிப்பு ஓலை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று ஓலையின் கடைசியில் ஒரு வரி வரும். எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். அந்த வரி வரும்போது செருப்பை எந்தப் பக்கம் விட்டோம் என்றுதான் எல்லோரும் யோசிப்போம். ஒருவரும் போய் எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒருவர் போனார்.

அவர் பெயர் அந்தோணிசாமி. எண்பதை நெருங்கியவர். உப்பளத்தை ஒட்டிய காலனியில் இருக்கிறார். மாப்பிள்ளை ஆல்பர்ட்டுடைய அப்பாவழித் தாத்தாவுக்குச் சொந்தத் தம்பி. கண் ஆபரேஷன் செய்திருந்ததால் நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை. பெண் யார் வீட்டுப் பெண் என்று ஓலையில்தான் முழுசாகக் கேட்டிருக்கிறார். பூசை முடிந்து வேப்பமரத்தடியில் சாமியாரும் நானும் சம்பந்தியம்மாவும் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நேராக வந்தார்.

"சாமி, பொண்ணோட தாத்தா மரியான். மரியானுக்கு அப்பா சவரிமுத்து. அந்த சவரிமுத்து எங்க தாத்தா அருளப்பன் மகன். எங்க அப்பா ராயப்பனுக்குக் கூடப் பொறந்தவரு. நாமெல்லாம் ஒரே பங்காளிங்க. பொண்ணும் புள்ளையும் அண்ணன் தங்கச்சி ஆவுது. இது ஆவாதுங்க."

சம்பந்தியம்மா பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சாமியார் மட்டும் நிதானமாகக் கேட்டார். "நாலு தலைமுறை தாண்டிட்டுதே. திருச்சபைச் சட்டத்துல இதுக்குத் தடையே இல்ல. நான் நடத்தி வைக்கிறேன்" என்றார்.

சாமியார் நடத்தி வைப்பார். யார் வந்து உட்காருவது? பங்காளி வீட்டில் பெண் எடுப்பது எங்கள் ஜனத்தில் கிடையாது. நாலு தலைமுறை என்றாலும் கிடையாது, பத்துத் தலைமுறை என்றாலும் கிடையாது. மாமன் மச்சான் முறை என்றால் எடுக்கலாம். பங்காளி என்றால் கூடப் பிறந்த மாதிரி. சம்பந்தியம்மா அன்று சாயங்காலமே போன் செய்தார். "ரீட்டாம்மா, எம்மேல வருத்தப்படாதீங்க. நாளைக்கு ஊர்ல நாங்க தல காட்ட முடியாது" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே. தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் லூர்து உப்பு லாரி ஓட்டினார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். அனிதா ஒரே மகள். பாண்டிச்சேரியில் நர்ஸாக இருக்கிறாள். ஆல்பர்ட் ஆரோவில்லில் எலக்ட்ரீஷியன், வீடு கீழ்புத்துப்பட்டில். இரண்டு பேரும் ஈ.சி.ஆர். பஸ்ஸில் பார்த்துப் பழகியவர்கள். வீட்டில் முறையாகச் சொன்னார்கள், நாங்களும் முறையாகப் பேசி முடித்தோம். இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் அதே உப்பளத்துக் காலனிதான் என்று தெரிந்தபோது சந்தோஷம்கூடப் பட்டோம். அதற்கு மேல் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அனிதா முதலில் துணிச்சலாகத்தான் இருந்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் முடித்துக்கொள்கிறோம் என்றாள். பிறகு ஆல்பர்ட் பேசுவது குறைந்தது. காரணம் கேட்டிருக்கிறாள். "எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல அனிதா. ஆனா தங்கச்சின்னு சொல்லிட்டாங்க. அதக் கேட்டதுலேர்ந்து போன எடுக்கவே ஒரு மாதிரி இருக்குது" என்றானாம். அதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. கல்யாணம் நின்றால் வேறு இடம் பார்க்கலாம். தான் விரும்பியவன் தன்னைப் பார்க்கக் கூசுகிறான் என்பதை ஒரு பெண் எப்படித் தாங்குவாள்?

அந்தோணிசாமி சொன்னது சரிதானா என்று முதலில் பார்க்க வேண்டும் என்று கிளம்பினேன். சவரிமுத்து தாத்தாவுடைய ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் அப்பா பெயர், அம்மா பெயர், ஞானத் தாய் தகப்பன் பெயர் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கோவிலில் அவ்வளவு பழையது இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வேறொரு பங்கைச் சேர்ந்தது என்று சொல்லி அங்கே அனுப்பினார்கள். அங்கே இருந்த உபதேசியார் நல்ல மனிதர். பீரோவைத் திறந்தே காட்டினார். எங்களுக்கு வேண்டிய வருடங்கள் மட்டும் இல்லை. புயல் தண்ணீரில் போனதா, கரையான் தின்றதா, யாராவது எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லையா, அவருக்கும் தெரியவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு நகல் இருக்கலாம் என்றார்கள். அங்கேயும் போனேன், அங்கேயும் இல்லை. ஊரார் சர்டிபிகேட்டை எல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரை நகல் எடுத்துக் கொடுக்கிறவள் நான். என் வீட்டுக்கு வேண்டிய ஒரு காகிதம் எங்கேயும் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். சவரிமுத்து தாத்தாவின் கல்லறையில் சிமெண்ட் சிலுவை இருக்கிறது. பாசியைத் தேய்த்துப் பார்த்தேன். 'அருளப்பன் மகன் சவரிமுத்து' என்று காலமான என் மாமனார் மரியான் எழுதி வைத்திருந்தார். பெற்ற மகனே எழுதிவிட்டார். அதற்கு மேல் என்ன இருக்கிறது? அந்த வெயிலில் கல்லறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் போனபோதுகூட நான் அப்படி உட்காரவில்லை. அப்போது தூக்கிவிட ஆட்கள் இருந்தார்கள்.

காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோணியார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். செவ்வாய்க்கிழமைதோறும் அவர் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் பணிவாகச் செபம் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டைதான் போட்டேன். "ஐயா, வண்டிச் சாவி தொலைந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கிறீர். கம்மல் திருகாணி தொலைந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கிறீர். நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். அது உமக்குக் கஷ்டமா?" என்று கேட்டேன். பக்கத்தில் முட்டி போட்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டார். பிறகு கோபமும் தீர்ந்து போனது. ஒரு செவ்வாய்க்கிழமை வாயில் செபமே வரவில்லை. "எனக்குத் தெரியல. நீரே பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடை திறக்க வந்துவிட்டேன்.

அன்றைக்குக் கத்திரி வெயில். பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. என் கடையில் இன்வெர்ட்டர் இருப்பதால் மெஷின் ஓடும். மற்ற கடைகள் மூடிவிட்டார்கள். கையில் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அந்தோணிசாமி. முதியோர் பென்ஷன் நின்றுவிட்டதாம், ஆதாரும் ரேஷன் கார்டும் நகல் வேண்டுமாம். கடை யாருடையது என்று தெரியாமல் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார்.

மெஷின் ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. "உக்காருங்க மாமா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் சொன்ன கணக்குப்படி அவர் என் மாமனாருக்கு அண்ணன் தம்பி முறை, எனக்கு மாமாதானே. பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னேன்.

"எம்மேல கோவமாம்மா?" என்றார்.

"ஆமா மாமா."

"நான் பொய் சொல்லல."

"பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லலியே. கம்முனு இருந்திருக்கலாம்."

"எப்படிம்மா கம்முனு இருக்கறது?" என்று அவர் வேகமாகப் பேச ஆரம்பித்தார். "சவரிமுத்தும் எங்க அப்பாவும் எப்படி இருந்தவங்க தெரியுமா? ஒரே பாத்தியில உப்பு வாருவாங்க. ஒரே பீடிய ரெண்டு பேரும் இழுப்பாங்க. அவரு செத்தப்போ மொத கோடி எங்க அப்பா போட்டதுதான். திண்டிவனம் போயி எட்டு முழ வேட்டி எடுத்தாந்தாரு. மேளம் வெச்சு எடுத்துனு போனாங்க. நான்தான் தாம்பாளத்தத் தூக்கினு முன்னால நடந்தேன். அப்படிப்பட்ட குடும்பம்மா நம்மளுது."

மெஷினில் அவருடைய ஆதார் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

கோடி என்பது சாவு வீட்டுக்குக் கொண்டு வரும் புதுத்துணி. எங்கள் பக்கத்தில் அதை மாமன் மச்சான் வீட்டார்தான் எடுத்து வருவார்கள். பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் கொண்டு வருவார்கள். பங்காளி கோடி போடுவதில்லை. அவன் செத்தவன் வீட்டு ஆள். பாடையைச் சுற்றி நின்று, வருகிற கோடியை வாங்குகிற இடத்தில் இருப்பவன். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கணவர் கிடந்தபோது அவருடைய தாய்மாமன் வீட்டுக் கோடி அவர் மேல் விழுந்தது. என் அண்ணன் கொண்டுவந்த சேலை என் மேல் விழுந்தது. அந்தச் சேலையின் கஞ்சி வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எந்தத் துணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதைத் தாலி இழந்தவள் மறக்கமாட்டாள்.

"மாமா, பங்காளி கோடி போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"போடமாட்டாங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. டீ கிளாஸ் கையிலேயே நின்றது.

"உங்க அப்பா போட்டாருன்னு சொன்னீங்களே."

"போட்டாரு. நான் தூக்கினு போனேனே." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எங்க அப்பா மொற தெரியாத ஆளு இல்லம்மா. ஊர்ல எந்தச் சாவுன்னாலும் யாரு எங்க நிக்கணும்னு அவரத்தான் கேப்பாங்க."

நான் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பேசினால் கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"அப்பா அவர மச்சான் மச்சான்னுதான் கூப்பிடுவாரு" என்றார் மெதுவாக. "இப்ப பசங்க எவனப் பாத்தாலும் மச்சான்றாங்களே, அந்த மாதிரி கிண்டலுன்னு நெனச்சினு இருந்தேன்."

"அப்படின்னா சவரிமுத்து தாத்தா உங்க தாத்தாவோட தங்கச்சி புள்ளையா இருக்கணும் மாமா. அருளப்பனுக்குத் தங்கச்சி இருந்தாங்களா?"

"தெரியலியேம்மா. நான் பாக்கல" என்றவர், அப்படியே நிமிர்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "எங்க வூட்டுல செபமாலை முடிஞ்சதும் செத்தவங்க பேரச் சொல்லுவோம். அருளப்பன், சூசையம்மா, மதலேனத்தைன்னு அப்பா சொல்லுவாரு. சூசையம்மா எங்க ஆயா. மதலேனத்தை யாருன்னு நாங்க கேட்டதே இல்ல. அது ஒரு பேருன்னு நெனச்சோம். இப்பவும் என் வூட்டுல பேரப் புள்ளைங்க அப்படித்தான் சொல்லுதுங்க, மதலேனத்தைக்கு நித்திய இளைப்பாற்றின்னு. அது பேரு இல்லம்மா. மதலேன் அத்தை. எங்க அப்பாவுக்கு அத்தை. எங்க தாத்தாவோட கூடப் பொறந்தவ."

அப்பாவுக்கு அத்தை. அந்த அத்தை பெற்ற பிள்ளைதான் சவரிமுத்து. அதனால்தான் மச்சான். அதனால்தான் கோடி. அம்மா செத்துப்போய், தாய்மாமன் அருளப்பன் எடுத்து வளர்த்திருப்பார். வளர்த்தவர் பெயரையே ஊர் சொன்னது, பிள்ளையும் அதையே நம்பியது, என் மாமனாரும் அதையே சிமெண்டில் எழுதி வைத்தார். ராயப்பன் மட்டும் முறையை மறக்கவில்லை. ஆனால் அதை யாரிடமும் விளக்கிச் சொல்லவும் இல்லை. வளர்த்த பிள்ளையைப் பிரித்துப் பேச வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அந்தோணிசாமி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அப்போ பொண்ணும் புள்ளையும் மொறதான். கட்டிக்கிற மொற. உன் வூட்டுக்காரருக்குத்தான் நான் மாமா, உனக்கு இல்லம்மா. பெரியப்பா ஆவறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். அவர் பதறிப்போய், "அழுவாதம்மா, நானே வந்து சொல்றேன். நான் சொன்ன வாயாலயே சொல்றேன்" என்றார்.

சொன்னார். அடுத்த ஞாயிறு அதே வேப்பமரத்தடியில், அதே ஆட்களுக்கு நடுவில் நின்று சொன்னார். ஊர்ப் பெரியவர்களையும் வரவழைத்திருந்தோம். சம்பந்தியம்மா தயங்கித் தயங்கி, "எழுத்துல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அந்தோணிசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அப்பா கோடி போட்டாரு, நான் தூக்கினு போனேன். எழுத்து எதுக்கு?" என்றார். பெரியவர்களில் ஒருவர், "கோடி போட்டாங்கன்னா அது மாமன் வூடுதான். அதுல பேச்சு இல்ல" என்று முடித்தார். மேளத்தோடு கோடி போனதைத் தானும் பார்த்திருப்பதாக இன்னொருவர் சொன்னார். இத்தனை நாள் இதை யாரும் சொல்லவில்லையே என்று கேட்டேன். "யாரும் கேக்கலியேம்மா" என்றார்.

அன்று மத்தியானம் ஆல்பர்ட் போன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மொறப்பொண்ணு சாப்ட்டாச்சா?" என்று கேட்டானாம். அனிதா போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வாரம் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஓலையை முதலிலிருந்து திரும்ப வாசித்தார்கள். ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு வந்து உட்கார்ந்த அந்தோணிசாமிப் பெரியப்பா, பாதிச் சாப்பாட்டில் எழுந்து எங்கள் பக்கம் வந்து பரிமாற ஆரம்பித்துவிட்டார்.

அன்பானவர்களே, நான் கேட்டது ஒரு காகிதம். அது இன்றுவரை கிடைக்கவில்லை. இனியும் கிடைக்காது என்று நினைக்கிறேன். அந்தோணியாரிடம் கேட்டேன், அவர் அந்தோணிசாமியை அனுப்பினார். யார் என் மகள் வாழ்வைத் தடுத்தாரோ அவர் வாயில்தான் ஆண்டவர் பதிலை வைத்திருந்தார். அவர் மேல் கோபப்பட்டு நான் ஊரெல்லாம் சுற்றினேன், பாண்டிச்சேரி வரை போனேன். பத்து நிமிட நடையில் இருந்த அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அன்றைக்குக் கரண்ட் போனது என்று நான் விசுவசிக்கிறேன்.

இப்போது நான் செபம் செய்கிற விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ஜெராக்ஸ் கேட்கிற மாதிரிக் கேட்பேன். இது இதுதான் வேண்டும், இந்த அளவில் வேண்டும், இப்போதே வேண்டும். இப்போது கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். பதில் யார் உருவத்தில் படியேறி வரும் என்று நமக்குத் தெரியாது. உங்களுக்கும் ஒரு கதவு அடைத்துக் கிடந்தால் சோர்ந்துபோகாதீர்கள், கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்களோடு முறைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள்.

கல்லறைத் திருநாளுக்குப் போனபோது மதலேனுக்கு எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று தெரியவில்லை. அவருடைய கல்லறை எது என்று யாருக்கும் தெரியாது. கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் காலடியில் அனிதாவும் ஆல்பர்ட்டும் ஏற்றி வைத்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் என் காதோரம் வந்து, "எல்லாம் சரிம்மா. மதலேன் பெத்த அந்தப் புள்ளைக்கு அப்பா யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தேடவில்லையா என்றார். தேடப் போவதில்லை என்றேன். பதிவு இல்லாமல், கல்லறை இல்லாமல், பெயர்கூடச் சிதைந்துபோய், அத்தனை வருடம் ஒரு வீட்டுச் செபமாலையில் உயிரோடு இருந்தவர் அவர். யார் என்று தெரியாமலே பிள்ளைகள் அவருக்காக வேண்டியிருக்கிறார்கள். அவரிடம் போய் நான் சர்டிபிகேட் கேட்பேனா? இதைப் படிக்கிற நீங்களும் மதலேன் அத்தைக்காக ஒரு அருள் நிறை மரியே சொல்லுங்கள்.